புளிமூட்டுப் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் அரசு தொடக்கப்பள்ளிக்கு நூறு ஆண்டு நிறைவதை முன்னிட்டு வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்று முன்னாள் மாணவர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடிப் பேசிய நாளில், வளைவில் என்ன பெயர் எழுதுவது என்ற கேள்விக்கு முதலில் எழுந்து பதில் சொன்னவன் நான்தான். தக்கலைக்கும் திருவட்டாறுக்கும் இடைப்பட்ட இந்தச் சிற்றூரில் அந்தப் பள்ளியை அதன் பலகைப் பெயரால் அழைப்பவர்கள் கிடையாது. புளிமூட்டுப் பள்ளிக்கூடம் என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். அரசு வைத்த பெயர் காகிதத்தில் இருக்கட்டும், மக்கள் வைத்த பெயர் வளைவில் ஏறட்டும், நூறு ஆண்டு நாவில் நின்ற பெயரைவிடப் பெரிய பெயர் எது என்று நான் கேட்டபோது கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. அவருடைய மகள் அப்போது அங்கே மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அந்தப் பேரு வேண்டாம் அண்ணே, பலகையில இருக்கதே போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பின்தொடர்ந்துதான் அடுத்த சில மாதங்கள் போயின.

எங்கள் பக்கத்தில் 'மூடு' என்றால் மரத்தின் அடி. பனச்சமூடு என்று ஒரு சந்திப்பு கேரள எல்லையில் இருக்கிறது. திருவனந்தபுரம் நகரத்தின் நடுவிலேயே ஒரு புளிமூடு இருக்கிறது. ஒரு மரம் நின்று, அதன் கீழ் நாலு பேர் கூடி, சுமை இறக்கி, பேருந்துக்கு நின்று, அந்த இடத்துக்கே மரத்தின் பெயர் ஊறிவிடுவது தென் திருவிதாங்கூரின் வழக்கம். மரம் போன பிறகும் மூடு இருக்கும். எங்கள் பள்ளியின் புளியமரமும் இப்போது இல்லை. வகுப்பறைக் கட்டடம் ஒன்றை நீட்டியபோது வெட்டிவிட்டார்கள். வேலிக்கு வெளியே, சாலையோரத்தில், ஆட்டுக்கல் அளவுக்கு அதன் குற்றி மட்டும் கிடக்கிறது. மரம் ஏன் வேலிக்கு வெளியே நின்றது என்பதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பலகையில் ஏறிய பெயர்கள்

பெயர்கள் மேலிருந்து இறங்குவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. முன்சிறைக்கு அருகில் உள்ள பார்த்திவபுரத்தில், 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு கோயிலும் அதை ஒட்டி ஒரு சாலையும் ஏற்படுத்தினான். சாலை என்றால் அன்றைக்குக் கல்விக்கூடம். அன்று பெயர்பெற்றிருந்த காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்ட அந்த இடத்தில் 95 சட்டர்கள், அதாவது வேதம் கற்கும் மாணவர்கள், தங்கிப் படிக்க வழி செய்யப்பட்டது என்று செப்பேடு சொல்கிறது. 45 பேர், 36 பேர், 14 பேர் என்று எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதுகூட அதில் கணக்காக இருக்கிறது. ஆனால் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைப்பது வேறொரு செய்தி. மன்னன் அந்த நிலத்தை முன்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்துப் பெற்றபோது அதற்கு உழக்குடிவிளை என்று பெயர். கல்வி வந்ததும் அது பார்த்திவசேகரபுரம் ஆனது. விளை என்று முடியும் பெயர் எதுவானாலும் குமரி மாவட்டத்துக்காரனுக்கு அது பக்கத்து வீட்டுப் பெயர்தான். யாரோ மண்ணைக் கொத்தி மரம் வைத்த இடம் அது. அந்தப் பெயர் செப்பேட்டில் ஒருமுறை வந்து, பிறகு மன்னனின் பெயருக்குள் மறைந்துவிட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த பெயர்களும் இப்படித்தான். 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி, லண்டன் மிஷன் சங்கத்தார் நாஞ்சில்நாட்டிலும் அதற்கு மேற்கிலும் பள்ளிகளைத் திறந்தார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சங்கத்தின் சபைகள் அதில் இணைந்துவிட்டன. ஆனாலும் எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து இன்றும் எத்தனையோ பள்ளிச் சுவர்களில் இருக்கிறது. அவற்றுக்குள் நுழையும் பிள்ளைகளில் பலருக்கு அதில் 'எல்' லண்டனைக் குறிக்கிறது என்பது தெரியாது. அன்று எங்கள் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசர் நடத்திய பள்ளிகள் சர்க்கார் பள்ளிக்கூடங்கள் எனப்பட்டன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது சர்க்கார் 'அரசு' ஆயிற்று. மற்ற மாவட்டங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள், எங்கள் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில்கூட 'அரசு தொடக்கப்பள்ளி' என்று இருப்பதைக் கண்டு கேட்பதுண்டு. சர்க்காரின் நேரடிப் பள்ளியாக இருந்த பழைய வரலாறு அந்த ஒரு சொல்லில் மிஞ்சியிருக்கிறது. இப்போது பதினொன்று இலக்கமுள்ள ஒரு எண்ணும் ஒவ்வொரு பள்ளிக்கும் உண்டு. அதில் முதலில் வரும் 33 தமிழ்நாட்டைக் குறிக்கும். எந்தக் கணினியும் எங்கள் பள்ளியை அந்த எண்ணால்தான் அறியும்.

இவை அனைத்தும் மேலிருந்து வந்த பெயர்கள், புளிமூடு ஒன்றுதான் கீழிருந்து முளைத்த பெயர் என்பது என் எண்ணமாக இருந்தது. மார்த்தாண்டத்தை இன்றைக்கும் தொடுவெட்டி என்று சொல்கிற பெரியவர்களைக் கண்டால் எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியும் இதே எண்ணத்திலிருந்து வருவதுதான். என் பாட்டா, அதாவது தாத்தா, தாம் இறக்கும் வரைக்கும், எந்தப் பேச்சிலும் ஓரிடத்தில் நிறுத்தி, "நான் புளிமூட்டுல படிச்சவனாக்கும்" என்று சொல்வார். கணக்குத் தவறாமல் கொப்பரை வியாபாரம் செய்ததற்கும், ஆற்றுப்பெருக்கின் ஆழத்தைக் கண்ணால் அளந்ததற்கும் அவர் அந்தப் பள்ளியைத்தான் காரணமாகச் சொல்வார். அந்தப் பெருமிதம் அப்படியே எனக்கு வந்தது. நானும் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன்.

பதிவேடு

பழைய கட்டடத்தின் நிலைக்கு மேல் 1098 என்று ஒரு கல்லில் வெட்டியிருக்கிறது. அது மலையாள நாட்டில் வழங்கும் கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறந்து அடுத்த ஆடியில் முடிவது. ஆகவே 1922 ஆகஸ்டுக்கும் 1923 ஆகஸ்டுக்கும் இடையில் கட்டடம் எழுந்திருக்க வேண்டும். ஓட்டுக்கூரையும் வெட்டுக்கல் சுவரும் கொண்ட ஒற்றை அறை. அந்த ஆண்டுக்கு உரிய சான்று தேவை என்று தலைமை ஆசிரியை பழைய அலமாரியைத் திறந்து சேர்க்கைப் பதிவேடுகளை வெளியே எடுத்தார். கரையான் விட்டு வைத்ததில் மூத்த பதிவேடு மலையாள எழுத்தில் இருந்தது. எங்கள் ஊரில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அன்று கணக்கு வழக்குகள் மலையாளத்தில்தான் எழுதப்பட்டன. தேரூரில் பிறந்த கவிமணியே பள்ளியில் மலையாளம் படித்தவர்தான், தமிழைத் தம்பிரான் ஒருவரிடம் தனியாகக் கற்றார். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும் என்பதால், இரண்டு சனிக்கிழமைகள் அந்தப் பதிவேட்டின் முன்னால் அமர்ந்திருந்தேன்.

மை பழுப்பாக மாறியிருந்தது. தாளின் ஓரங்களைத் தொட்டால் தூளாகும் என்பதால், தலைமை ஆசிரியை ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் அளவுகோலால் தூக்கித் திருப்பினார். வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வீட்டுப்பெயர், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி. வீட்டுப்பெயர்களை வாசிக்கும்போது ஊர் முழுவதையும் நடந்து சுற்றுவது போல இருந்தது. தெற்கேவிளை, கல்லுவிளை, பொற்றைவிளை, குளத்தங்கரை, மேலேவீடு. பிறந்த தேதிகளில் பாதிக்கு மேல் இடவம் மாதத்தில் இருந்தன. இடவம் என்பது நம் வைகாசி. ஊரில் பிள்ளைகள் எல்லாம் வைகாசியில் பிறந்துவிடவில்லை. பிறந்த நாளைக் குறித்து வைக்காத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, பள்ளி திறக்கும் மாதத்துக்கு முந்தைய மாதத்தில் ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வது அன்றைய நடைமுறை. என் பாட்டாவின் பெயரும் அங்கே இருந்தது. இடவம் 10. அவரும் வாத்தியாரின் கையால் பிறந்தவர்தான் என்று எண்ணியபோது கண் கலங்கியது.

சாதி என்ற கட்டத்தை நான் வேகமாகத் தாண்டிக்கொண்டிருந்தேன். அது என் தவறு. இரண்டாவது சனிக்கிழமை மாலையில் அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தபோதுதான், ஊரின் கிழக்குச் சரிவில் நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் குடும்பங்களிலிருந்து முதல் பதினைந்து ஆண்டுகளில் ஒரு பிள்ளைகூட அந்தப் பதிவேட்டில் இல்லை என்பது தெரிந்தது. சட்டம் இல்லாமல் அல்ல. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிகளில் சேர்க்கலாம் என்ற ஆணை 1910களிலேயே திருவிதாங்கூரில் இருந்தது. அந்த ஆணைக்காக, ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான அய்யன்காளி திருவிதாங்கூரின் பிரஜா சபையில் பேசினார். ஆணை வந்த பிறகு அதைச் செயலாக்க, பஞ்சமி என்ற சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனார். எங்கள் எல்லையைத் தாண்டினால் எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் அது. அவள் உட்கார்ந்த பள்ளியைக் கொளுத்தினார்கள். அந்தப் பள்ளிக்கு 2022இல் கேரள அரசு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியது. இந்த வரலாற்றை நான் பலமுறை வாசித்திருக்கிறேன், மேடையில் பேசியும் இருக்கிறேன். அது எங்கள் ஊரின் வரலாறும்தான் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

மூடு

கூட்டத்தில் கைதட்டாமல் இருந்தவரின் வீட்டுக்கு மறுநாள் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய பாட்டி திண்ணையில் அமர்ந்து புளியைக் குத்தி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தொண்ணூறை ஒட்டிய வயது. காது நன்றாகக் கேட்டது. பள்ளிக்கூடத்தின் பெயரைப் பற்றிக் கேட்க வந்தேன் பாட்டி என்றேன். அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"அது மொதல்ல பேரில்ல மக்களே, ஏச்சாக்கும்" என்றார்.

பிறகு அவர் சொன்னது இது. அவருக்கு ஓர் அண்ணன். எட்டு வயது மூத்தவர். அந்த அண்ணனும் சரிவிலிருந்து இன்னும் ஐந்தாறு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் வேலியைத் தாண்டவில்லை. புளியமரத்து மூட்டில், மணலைக் கொட்டிப் பரப்பி, அதில் உட்கார்ந்தார்கள். உள்ளே வாத்தியார் சொல்வது சன்னல் வழியாக வரும். மழைக்காலத்தில் ஓட்டில் விழுகிற மழையின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால், மழைக்காலம் அவர்களுக்கு விடுமுறை. வாத்தியார் நல்லவர் என்றுதான் பாட்டியும் சொன்னார். இடைவேளையில் அவர் வேலி வரைக்கும் வருவார். கையில் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட மூங்கில் கழி ஒன்று இருக்கும். அந்தக் கழியை வேலிக்கு மேலாக நீட்டி, அதன் நுனியால் அவர்களுடைய மணலில் 'அ' எழுதுவார். பிள்ளைகள் அதன் மேலேயே விரலால் எழுதிப் பழகுவார்கள். தப்பாக எழுதினால் கழியின் நுனி வந்து அழிக்கும். அடிக்க அல்ல, அழிக்கத்தான். தாம் வேலிக்கு வெளியே அவர்கள் பக்கம் கால் வைத்தால் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது.

"உள்ளே இருந்ததுவளுக்கு அது சர்க்கார் பள்ளிக்கூடம். எங்க அண்ணனுக்குத்தான் புளிமூட்டுப் பள்ளிக்கூடம். நீ எங்கலே படிச்சே, புளிமூட்டுலயா எண்ணு கேப்பானுவ. கேட்டுச் சிரிப்பானுவ."

கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். அதன் பின் சில ஆண்டுகளில் நிலைமை மாறி, பாட்டி பள்ளியில் சேர்ந்தபோது உள்ளேயே உட்கார வைத்தார்கள். கடைசி மூலையில், பாயில்லாத தரையில். அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, நானே பார்த்தேன். அண்ணனின் பெயர் இல்லை. இருக்க வழியில்லை. பிறகு ஊரார் எல்லாரும் எப்போது, எப்படி அந்தப் பெயரைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்பது பாட்டிக்கும் தெரியவில்லை. சிரித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், சிரிப்பின் காரணத்தை மறந்து, அந்தப் பெயரைச் செல்லமாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். என் பாட்டா அவர்களில் ஒருவர். பதிவேட்டின்படி அவர் உள்ளே இருந்த ஆண்டுகளில்தான் பாட்டியின் அண்ணன் வெளியே இருந்தார். "நான் புளிமூட்டுல படிச்சவனாக்கும்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அவர் புளிமூட்டில் படிக்கவில்லை. படித்தவருக்கு அப்படிச் சொல்லிப் பெருமைப்பட வாய்க்கவில்லை.

அந்தப் பெயர் வளைவில் வேண்டாம்தானே பாட்டி என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்பார் என்றே எதிர்பார்த்தேன். "ஏன் வேண்டாம்? அந்த மூட்டுலதானே அவன் எழுத்து படிச்சான். சாவுற வரைக்கும் தந்தி வந்தாலும் கடிதாசி வந்தாலும் இந்தச் சரிவுக்கு மொத்தம் அவன்தான் வாசிச்சுக் குடுத்தான். அந்தப் பேர எழுதுங்க" என்றார். அன்று மாலை வேலை முடிந்து வந்த பேரன் அதை ஏற்கவில்லை. "பாட்டிக்கு அது அண்ணனுக்க ஞாபகம். எனக்க மக தெனமும் அதுக்க கீழ நடந்து போகணும். ஒருத்தன் அவகிட்ட அர்த்தம் சொல்லிக் குடுத்தா?" என்றார். இருவரும் ஒரே திண்ணையில் இருந்தபடி எதிரெதிராகச் சொன்ன இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டன. இப்போதும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அந்தப் பெயரை எழுதலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை வேலிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரனான எனக்கு இல்லை. மக்கள் வைத்த பெயர் என்று கூட்டத்தில் நான் முழங்கியபோது, அந்த 'மக்கள்' யார் என்று கேட்டுக்கொள்ளாமல் பேசினேன்.

பேரன் ஏற்காத பெயரை எழுதுவது சரியல்ல என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பழையதை ஏன் கிளற வேண்டும், பிள்ளைகள் எல்லாரும் இன்றைக்கு ஒன்றாய் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறார்களே என்று ஒருவர் கேட்டார். அவர் சொன்னது உண்மை. எட்டரை மணிக்குப் போனால் ரவை உப்புமாவின் மணம் அந்த வெட்டுக்கல் அறையிலிருந்துதான் வரும், எந்தச் சரிவின் பிள்ளை எந்த வரிசையில் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த நிலை வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று, வேலிக்கு வெளியே எத்தனை பேர் மணலில் எழுதினார்கள் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதற்கு ஒரு நூற்றாண்டு விழா தேவையில்லை. வளைவில் அரசுப் பெயர் மட்டும் ஏறியது, அதன் கீழ் கொல்லம் 1098 என்றும். குற்றியை அப்புறப்படுத்தி வாகனம் நிறுத்த இடம் செய்யலாம் என்று வந்த யோசனை கைவிடப்பட்டது.

விழாவுக்கு முன் பேரன் ஒன்றே ஒன்று கேட்டார். முதல் பதிவேட்டின் பெயர்களை மேடையில் வாசிக்கப் போவதாகச் சொன்னீர்களே, அதில் எங்கள் பாட்டியின் அண்ணன் பெயரையும் வாசிக்க முடியுமா என்றார். பதிவேட்டில் இப்போது எதையும் சேர்க்க முடியாது, அது அரசு ஆவணம் என்றார் தலைமை ஆசிரியை. பிறகு சற்று யோசித்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பதிவேட்டில் உள்ளது போலவே அளவுகோல் வைத்துக் கட்டங்கள் போட்டார். எங்களோடு வந்திருந்த பாட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எழுதினார். பெயர். தகப்பன் பெயர். வீட்டுப்பெயர் பொற்றைவிளை. சாதிக் கட்டத்தை அவர் போடவே இல்லை. பிறந்த மாதம் தெரியுமா பாட்டி என்று கேட்டார். மழை தொடங்கின மாசம் என்றார் பாட்டி. தலைமை ஆசிரியை இடவம் என்று எழுதினார். சேர்ந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், நான் பாட்டியைப் பார்த்தேன். பாட்டி சன்னலுக்கு வெளியே சாலையோரத்துக் குற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டு, தாளை மடித்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தினுள் வைத்தார் தலைமை ஆசிரியை.